குடைக்கு வெளியே நின்றவள்

என் மனைவியின் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. நான் கண் விழிப்பதற்குள் அவள் குளித்து, கண்ணாடி முன் உட்கார்ந்து, பூச வேண்டியதையெல்லாம் பூசி முடித்திருப்பாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் முகம் கழுவப் போவாள். கேட்டால், "முகம்தான் என் கடை. கடையைத் திறந்து போட்டுட்டு யாராவது தூங்குவாங்களா?" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை.

படப்பிடிப்பில் மேக்கப் போடுவது அவள் தொழில். தழும்போ, அம்மைக் குழியோ, அவள் கை பட்டால் காணாமல் போய்விடும். மேக்கப் போட்டதே தெரியாமல் மேக்கப் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அங்கே எல்லோரும் அவளைக் குடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டவெளியில் எடுக்கும்போது நடிகையின் பூச்சு கரையாமல் இருக்கப் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். குடையின் நிழல் ஒரு முகத்துக்குத்தான் போதும். இவள் வெளியே நிற்பாள்.

அப்படி நின்ற வெயிலெல்லாம் கன்னத்தில் திட்டுத்திட்டாகவும், கண்ணோரம் கோடுகோடாகவும் தங்கிவிட்டது. திட்டை மறைத்துவிடலாம். கோடு அப்படியில்லை, பவுடர் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு இன்னும் காட்டிக்கொடுக்கும். ஒரு மத்தியானம் வியர்வையில் பூச்சு இளகியபோது புதிதாக வந்த நடிகை பார்த்துவிட்டாள். "மேக்கப் போடறவங்க முகமே இப்படின்னா நான் எந்த நம்பிக்கையில உட்காரறது?" என்று சிரித்தாளாம். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்த படத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவள் வீட்டுக்கு வந்ததும் தோல் மருத்துவமனைக்கு போன் போட்டாள். திட்டுக்கு லேசர், கோட்டுக்கு வேறு சிகிச்சை. படப்பிடிப்பு தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறேன். அவள் கறையை மறைப்பவள், நான் கறையை எடுப்பவன். ஜோடி அப்படி அமைந்துவிட்டது. வீட்டுத் துணியும் என் பொறுப்புதான். கொஞ்ச நாளாக அவள் தலையணை உறையில் ஒரே இடத்தில் சின்னதாகப் பழுப்புப் புள்ளி. க்ரீம் என்று நினைத்துச் சுடுதண்ணீரில் போட்டேன். போகவில்லை, இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சுடுதண்ணீரில் இப்படிப் பிடித்துக்கொள்கிற கறை ஒன்றுதான். ரத்தம்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"பருவைக் கிள்ளிட்டேன்."

"இந்த வயசுல பருவா?"

"வயசாயிடுச்சுன்னு நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

நான் உறையை எடுத்துக்கொண்டு துவைக்கப் போனேன்.

மருத்துவமனைக்குப் போகிற அன்று முகத்தில் எதுவும் போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். குளியலறையிலிருந்து வெளியே வந்தவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கன்னமெல்லாம் பழுப்புத் திட்டு, கண்ணோரம் விசிறி மாதிரிக் கோடுகள். "பார்த்தது போதும், செருப்பைப் போடுங்க" என்று அதட்டினாள். வண்டியில் போகும்போது ஓரக்கண்ணால் அவள் இடது காதின் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். தலையணையில் படுகிற இடம் அது. திட்டு நிறைந்த முகத்தில் அந்த இடம் மட்டும் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தை மட்டும் மறைத்திருக்கிறாள்.

அங்கே அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்தாள். காதோரம் இருந்தது மழையில் நடனம் எடுக்கும்போது போடுகிற பூச்சு, தண்ணீருக்கெல்லாம் அசையாது, எண்ணெய்க்குத்தான் கரையும். கண்ணுக்குக் கறுப்பு மூடியை மாட்டினார்கள். டாக்டர் அம்மா மெஷினைத் தட்டிவிட்டு, "ஏதாவது மச்சம் புதுசா வந்துச்சா? பெருசாச்சா? ரத்தம் கசிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர்."

மெஷின் உறுமத் தொடங்கியது. நான் வாயைத் திறந்தால் அவள் வேலை போய்விடும், ஜென்மத்துக்கும் என்னை மன்னிக்க மாட்டாள். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"ரத்தம் வந்துச்சு டாக்டர்."

"என்னங்க!" கண் மூடியோடு என் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"இடது காதுக்கு முன்னால. தலையணையில பார்த்தேன்."

டாக்டர் குனிந்து பார்த்தார். "இங்கே ஒண்ணும் இல்லையே."

"அவருக்குத் துணி துவைச்சு துவைச்சு எங்கே பார்த்தாலும் கறையாத்தான் தெரியும் டாக்டர். நீங்க ஆரம்பிங்க" என்றாள். 

"ஒண்ணும் இல்லைன்னா உன் பையில இருக்கிற எண்ணெயை எடுத்துத் துடைச்சுக் காட்டு. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

டாக்டர் மெஷினை நிறுத்தினார். அவள் கண் மூடியைக் கழற்றி என்னை முறைத்தாள். பிறகு முறைப்பு தளர்ந்தது.

"இதைப் பார்த்தா பரிசோதனை, அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. வேலை போயிடும்ங்க."

"போகட்டும். அவங்களுக்கு வேற மேக்கப்காரி கிடைப்பா. எனக்கு யார் கிடைப்பா?"

"கிடைச்சா போயிடுவீங்களோ?" என்றாள். பஞ்சில் எண்ணெயை ஊற்றித் துடைத்தாள். சுத்தமாக இருந்த இடத்திலிருந்து கறுப்பும் பழுப்புமாக, ஓரம் நெளிந்து, நடுவில் பொருக்குத் தட்டிய ஒன்று வெளியே வந்தது. டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று லேசர் நடக்கவில்லை. அந்த மச்சத்தை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிந்துகொள்ள மறுபடி போனோம். கெட்ட வகைப் புற்றுதான், ஆனால் இன்னும் ஆழமாக இறங்கவில்லை, முழுதாக எடுத்தாயிற்று என்று முடிவு வந்தது. மேலே மட்டும் லேசரில் கருக்கியிருந்தால் அடியில் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும் என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். படத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்ட செய்தியும் அன்றைக்குத்தான் வந்தது.

வெளியே வந்தோம். மொட்டை வெயில். கன்னத்தில் பிளாஸ்திரி, மற்றபடி முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் பையோடு எப்போதும் வரும் அந்தப் பெரிய குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டாள்.

"இப்படிக் கொடுங்க. எனக்குப் பிடிச்சுப் பழக்கம்" என்று கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.