“வரல” என்றால் உடனே அனுப்பாதே

நாமக்கல்லில் லாரி ஆபீஸ்களுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சின்னக் கம்பெனியில் சௌந்திரம் வெகுகாலமாக வேலை பார்த்தாள். ஓட்டுநர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பது அவள்தான். சரக்கு இறங்கும்போது, வாங்குகிறவரின் போனுக்கு ஒரு ஓ.டி.பி. போகும். அதை அவர் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். அப்போதுதான் லோடு முடிந்ததாகக் கணக்கு. எண் வராமல் தவிக்கிறவர் விஜயவாடாவில் நின்றாலும் நாக்பூரில் நின்றாலும் சௌந்திரத்தைத்தான் கூப்பிடுவார். அந்த ஆபீஸே தன் குரலில்தான் ஓடுகிறது என்பது அவள் எண்ணம். எண்ணம் என்ன, கர்வம்தான்.

அப்புறம் தேவிப்ரியா வந்து சேர்ந்தாள். புதுச்சத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். சௌந்திரத்துக்குப் பக்கத்து மேசை. வந்த வாரமே முதலாளி காளியண்ணன், “இந்தப் புள்ள கேக்கற கேள்வியப் பாரு சௌந்திரம்” என்று மெச்சினார். அன்று மத்தியானம் சௌந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு ஏ.ஐ. ஏஜெண்டைக் கொண்டுவந்தது. ஓட்டுநர் மெசேஜ் போட்டால் இனி அதுவே பதில் சொல்லும். அதன் கையில் இரண்டு கருவிகள்: ஓ.டி.பி. அனுப்புவது ஒன்று, சரிபார்ப்பது ஒன்று. எதை எப்போது எடுப்பது என்று அதற்குத் தானாகத் தெரியாது. கருவிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் முடிவு செய்யும்.

“ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்க. ஓட்டிப் பாக்கலாம். யாரு எழுதினது நிக்குதோ, அவங்களே இனி எல்லாக் கருவிக்கும் எழுதட்டும்” என்றார் காளியண்ணன்.

ஏஜெண்ட் வந்துவிட்டால் போன் எடுக்க ஆள் எதற்கு? எழுத்து வேலை கிடைத்தால்தான் இனி அங்கே தனக்கு ஓர் இடம் என்பது சௌந்திரத்துக்குத் தெரியும். அவள் மளமளவென்று எழுதினாள். ‘ஓ.டி.பி. அனுப்பும்.’ ‘ஓ.டி.பி. சரிபார்க்கும்.’ முடிந்தது. தேவிப்ரியா இன்னும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“என்ன கண்ணு, கல்யாணப் பத்திரிகையா அடிக்கறே?”

“இல்லீங்கக்கா” என்று தேவிப்ரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சௌந்திரத்துக்குப் பிடிக்கவில்லை.

முதலில் சௌந்திரத்தின் விளக்கத்தை ஓட்டினார்கள். சேலத்து ஓட்டுநர் பச்சமுத்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிப் போயிருந்தார். சரக்கு வாங்குகிற குடோன்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எண் வந்ததும் கைக்கு எட்டின மூட்டையில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமே என்று, மூட்டைகளை எண்ணி முடிக்கிறவரை யார் கேட்டாலும் “வரல” என்பார்கள். பச்சமுத்து அந்த “வரல”வை அப்படியே மெசேஜில் போட்டார். ஏஜெண்ட் உடனே புது எண் அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு “வரல”, இன்னொரு எண். புதிது போனால் பழையது செல்லாது. எண்ணி முடித்த குடோன்காரர் மூட்டையில் எழுதியிருந்த முதல் எண்ணை நிதானமாக வாசித்தார். தப்பு. அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில், இனி எந்த எண்ணும் ஏறாதபடி அந்த லோடு கம்ப்யூட்டரில் பூட்டிக்கொண்டது. லாரி மறுநாள்வரை அங்கேயே கிடந்தது.

“மிசினுக்குப் புத்தி பத்தலீங்க” என்றாள் சௌந்திரம்.

அடுத்த லோடுக்குத் தேவிப்ரியாவின் விளக்கம். அதே பச்சமுத்து, அதே குடோன், அதே “வரல”. லோடு சிக்கலில்லாமல் முடிந்தது. காளியண்ணன் எழுந்து வந்து அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தார். முந்தி வந்த செவியை விடப் பிந்தி வந்த கொம்பு உசத்தி என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்த சௌந்திரத்துக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்த விளக்கத்தைத் திறந்தாள். ஒரு குற்றமாவது அகப்படாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள்.

‘“வரல” என்றால் உடனே அனுப்பாதே. மூட்டை எண்ணி முடித்தார்களா என்று முதலில் கேள். முடியவில்லை என்றால், “பதறாதீங்கண்ணா, ஒரு டீ குடிச்சுட்டுப் பாருங்க” என்று சொல்லிப் பொறுத்திரு. புது எண் அனுப்பினால் பழையது செல்லாது. அப்படி அனுப்ப நேர்ந்தால், சாக்பீஸில் எழுதியதை அழிக்கச் சொல். பேங்கிலிருந்து வந்த எண்ணை யாராவது போட்டுவிட்டால் அதை வாங்காதே, திருப்பியும் சொல்லாதே.’

குற்றம் தேடப் போனவள் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். அந்த டீ அவளுடையது. சாக்பீஸும் அவளுடையது. இத்தனை வருடம் போனில் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு.

தேவிப்ரியா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“ஏம் புள்ள, எம் பேச்சத் திருடித்தான் பேரு வாங்கினயா?”

“ஆமாங்கக்கா” என்றாள் அவள், தயங்காமல். “உங்க பக்கத்துல உக்காந்து கேட்டுத்தானுங்க எழுதினேன். சாருகிட்டயும் சொல்லிட்டேன். போன்ல இத்தன சொல்றீங்க, எழுதறப்ப ரெண்டு வார்த்தையோட நிறுத்திட்டீங்க. நானாச்சும் பக்கத்துல இருந்தேன். அந்த மிசினு உங்க பேச்சக் கேட்டதே இல்லீங்களேக்கா.”

அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பொறாமைப்படுகிறவளுக்கு எதிராளி நல்லவளாக வாய்ப்பது பெரிய தண்டனை. தன் பேச்சின் மதிப்பு தனக்குத் தெரியாமல் போய், நேற்று வந்தவளுக்குத் தெரிந்துவிட்டதே என்று சௌந்திரத்துக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

எழுத்து வேலை தேவிப்ரியாவுக்குப் போனது. சௌந்திரத்தின் மேசையில் போன் அடிப்பது குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம் அபூர்வமாக அடித்தது. பச்சமுத்து.

“அம்மிணி, மெசேஜ் போட்டேன். டீ குடிச்சுட்டுப் பாக்கச் சொல்லுச்சு. உன்னையாட்டவே இருக்குது. அதுல பேசறது நீதான?”

பக்கத்து மேசையில் தட்டுகிற சத்தம் நின்றது. அது மிஷின், எழுதியது தேவிப்ரியா என்று சொல்வதுதான் நியாயம். சௌந்திரத்துக்கு நியாயம் தெரியாமலில்லை.

“நான்தானுங்கண்ணா” என்றாள். “டீ குடிச்சாச்சுங்களா?”

தேவிப்ரியா திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டத் தொடங்கினாள்.