செனட்டர் சம்பந்தியும் நடுவில் நானும்

இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுக்கிற தொழிலில், கோபம் யார் மேல் இருந்தாலும் முறைப்பு நம்மைப் பார்த்துத்தான் வரும். மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் சேதி கொண்டுபோய்ப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தஞ்சாவூரில் ஆங்கில டீச்சராக இருந்துவிட்டு, வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போனவள். நம் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறத் தொடங்கிய காலம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் பார்த்த வைத்திலிங்கத்தின் மகள் மலர்விழியும் அமெரிக்கா போனாள். கூட வேலை பார்த்த பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனின் அப்பா அங்கே செனட்டர், நம் ஊர் எம்.பி. மாதிரி. சம்பந்தம் பேச அவரே மனைவியோடு வருகிறார் என்றதும் வைத்திலிங்கம் என்னைத் தேடி வந்துவிட்டார். அதற்குப் பிறகு பல வருடம் அந்த இரண்டு குடும்பத்துக்கும் நான்தான் வாய்.

என்ன வேலை?

பெண் வீட்டார் விசாரிப்பார்கள் என்று மலர்விழி முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாள் போல. செனட்டர் வைத்திலிங்கம் வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தன் கதையைத் தானே ஒப்பித்தார். அப்பா இரும்புக் கடை வைத்திருந்தது, தான் சட்டம் படித்தது, நகர மேயரானது, பிறகு செனட்டரானது. "நான் மிதவாதி. என் கட்சி செய்வது தப்பென்று பட்டால் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போடுவேன்" என்றார். மொழிபெயர்த்தேன். "அப்ப கட்சி மாறிட்டாரா?" என்றார் வைத்திலிங்கம். இல்லை, அதே கட்சிதான் என்றேன். "அவங்க சும்மாவா விடுறாங்க?" இதைக் கேட்டதும் செனட்டர் பெருமூச்சு விட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பதவிக்காலம் ஆறு வருடம், அப்புறம் மறுபடி தேர்தல் என்று நான் சொன்னபோது, அதுவரை கதவோரம் நின்றிருந்த வைத்திலிங்கத்தின் மனைவி கமலம் முன்னால் வந்தார். முகத்தில் நிஜமான கவலை. "அப்ப இவரு வேலை நிரந்தரம் இல்லையா? பையன் வேலையாவது நிரந்தரம்தானான்னு கேளுங்க டீச்சர்."

குழம்பு

நிச்சயம் ஆனதும் விரால் மீன் குழம்போடு விருந்து. ஒரு வாய் வைத்ததும் செனட்டரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். ஆனாலும் நாகரிகமான மனிதர். "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். பிடிக்காத மசோதாவைப் பற்றியும் அவர் அப்படித்தான் சொல்வாராம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் "பிரமாதமா இருக்காம்" என்று சொல்லி வைத்தேன். கமலம் பூரித்துப்போய் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, செனட்டர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நான் எதிர்த்து ஓட்டுப் போட்டால் அதை அப்படியே பதிவு செய்துவிடுங்கள்."

விசா

கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி, செனட்டர் சட்டைப் பையில் விசா வைத்திருக்கிறார் என்று நம்பி வந்த கூட்டம். வேதாரண்யத்திலிருந்து ஒரு பையன் பயோடேட்டாவோடு வரிசையில் நின்று வந்து சேர்ந்தான். சென்னையில் இரண்டு தடவை மறுத்துவிட்டார்களாம். செனட்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். விதிமுறைகள் இருக்கின்றன, அதிகாரிகள் இருக்கிறார்கள், இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடியும்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல தம்பி" என்றேன். பையன் பயோடேட்டாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "எங்க எம்.எல்.ஏ.வும் இதையேதாங்க சொல்றாரு. ஆனா அவரு சுருக்கமா முடிச்சிடுவாரு."

போட்டோ

அதே கல்யாணத்தில் ஊரில் இருந்த இரண்டு கட்சிக்காரர்களும் மண்டப வாசலில் செனட்டர் படம் போட்டு பேனர் வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு கட்சிக் கொடியின் நிறம், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் அவர் ஒரே சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஒன்றியச் செயலாளர்களும் ஒரே நேரத்தில் சால்வையோடு வந்து நின்றார்கள். முதலில் யார் போடுவது என்பதில் தள்ளுமுள்ளு வந்துவிடும்போல இருந்தது.

செனட்டர் நிலைமையைப் பார்த்தார். அவருக்கு இது பழகிய இடம் போலிருக்கிறது. இரண்டு பேரையும் பக்கத்துக்கு ஒருவராக நிறுத்தி, ஒரே சமயத்தில் போடச் சொல்லிச் சைகை காட்டினார். அந்த நேரம் பார்த்து, கட்டிப் பழக்கமில்லாத பட்டு வேட்டி இடுப்பில் நழுவியது. இடது கையால் அதைப் பிடிக்கப்போய் அந்தப் பக்கமாகச் சாய்ந்தார். கேமரா மின்னியது. மறு வாரமே அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கட்சி ஆபீசில் மாட்டியிருந்த இடப்பக்கத்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க டீச்சர், பொதுவான ஆளுன்னாங்க. ஆனா மனசு எங்க பக்கம்தான் சாயுது."

தண்ணீர்

அடுத்த முறை அவர் வந்தபோது ஆற்றில் தண்ணீர் தாமதம். வைத்திலிங்கத்தின் வயல் வாய்க்கால் முடிகிற கடைமடையில். மேல் வயல்காரர் கோவிந்தராஜ் மடையைத் திறந்து தன் வயலுக்கே தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். இங்கே நாற்று மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்துவிட்டது. வரப்பில் மண்வெட்டியோடு இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். விளையாட்டுச் சண்டை இல்லை.

செனட்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றார். இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். நானும் சேற்றில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னேன். கடைசியில், மடையைப் பாதி திறந்து பாதி மூடி வையுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒன்றாக என் மேல் பாய்ந்தார்கள். பாதித் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருமா, வழியிலேயே மண் குடித்துவிடாதா, மேல் வயலும் நனையாதே என்று இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் முடித்து வைத்தார்கள். கத்தி ஓய்ந்ததும் அவர்களே பேசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள். வைத்திலிங்கத்தின் நாற்று பிழைத்தது. கோவிந்தராஜ் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "இவரு சொல்றதைக் கேக்குறதுக்கு, நாங்களே ராசியாப் போயிடுறது மேல்."

ஸ்பீக்கர் போன்

அதற்குப் பிறகு வந்த தேர்தலில் அவர் கட்சியே அவரைக் கைவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை விசாவைக் குறைக்கும் சட்டத்தை அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். மருமகளுக்காகப் போட்டார் என்று சொந்தக் கட்சிக்காரர்களே ஊர் ஊராகப் பேசினார்கள். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனார்.

வைத்திலிங்கம் வீட்டில் போனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "மலர்விழி வராமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். அதை யாரும் நம்பவில்லை" என்றார் செனட்டர். வைத்திலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க பொண்ணாலதான் போச்சுன்னு அவரு மனசுல எங்கேயாவது இருக்கான்னு கேளுங்க டீச்சர்." அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழிலில் அப்படி ஆனது அன்றைக்கு மட்டும்தான். எப்படியோ கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அவரிடம் சொல்லுங்கள். கடைசி வரை எங்கள் வீட்டில் என் பக்கம் பேசியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு ஓட்டு இல்லாமல் போய்விட்டது, அதுதான் என் தோல்விக்குக் காரணம்."

மேளம்

பதவி போன பிறகு, பேரனின் காதுகுத்துக்கு வந்தார். திருச்சி விமான நிலையத்தில் முன்போல அதிகாரி யாரும் வரவில்லை. நானும் வாடகைக் காரும்தான். தெருமுனையில் கார் திரும்பியதும் நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் வெடித்தன. மாலையோடு வைத்திலிங்கம், ஆரத்தித் தட்டோடு கமலம், பின்னால் தெருவே நின்றது. செனட்டர் காரை விட்டு இறங்கவில்லை. "நான் தோற்றதை இவர்களிடம் சரியாகத்தான் சொன்னீர்களா?" என்றார் என்னிடம். சரியாகத்தான் சொன்னேன் என்றேன். நம்பாமல் அதையே வைத்திலிங்கத்திடம் கேட்கச் சொன்னார். தவில் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன். வைத்திலிங்கம் கார்க் கதவைத் தானே திறந்து, மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்: "ஜெயிச்சதுக்கும் தோத்ததுக்கும் யாரு மேளம் வச்சா? சம்பந்தி வர்றாரு, வச்சோம். இறங்கச் சொல்லுங்க, ஆரத்தி அணையுது."

அமெரிக்க அரசியலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் திருத்துறைப்பூண்டியில் ஒரு சம்பந்தி வீட்டில் தெரிந்துகொண்டதுதான், அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.