சோஹெயின் ‘உள்ளேன்’

மிஹோகோ ஆறு வருடம் தொடக்கப் பள்ளிக்குப் போனாள். படிக்கவும் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை. மகன் சோஹெய் மூன்றாம் மாடி வகுப்பில் இருப்பான்; அவள் கீழே, பழைய அச்சு இயந்திரம் கிடந்த அறையில் மண்ணெண்ணெய்க் கணப்புக்குப் பக்கத்தில் காத்துக் கிடப்பாள். அவனை மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும், கழிப்பறைக்குக் கொண்டு போக வேண்டும். அம்மா கூடவே இருப்பதானால் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மீன் பிசைந்து அவிக்கும் ஆலையில் இருந்த வேலையை அவள் அன்றைக்கே விட்டாள்.

சோஹெய்க்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். புத்தியில் ஒரு குறையும் கிடையாது. கைகால்தான் சொன்ன பேச்சு கேட்காது. பேசுவான், ஆனால் வார்த்தை நெஞ்சிலிருந்து கிளம்பி, தோளைத் தூக்கி, முகத்தைக் கோணி, அப்புறம்தான் வாய்க்கு வரும். அதுவரை எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானில் யமகாதா கடலோரத்து எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பிள்ளைகூட அவனைக் கேலி செய்ததில்லை. “பாவம், அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் முறைவைத்து வெள்ளைக் குல்லாய் போட்டுப் பரிமாறுவார்கள். அவனுக்கு மட்டும் முறை வரவே இல்லை. வகுப்பே சேர்ந்து நீளக் கயிறு தாண்டும்போது எண்ணிச் சொல்லும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவன் மூன்று என்று வாயெடுப்பதற்குள் கயிறு பத்தைத் தாண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் வேறொரு பிள்ளை எண்ணியது.

மிஹோகோவும் சளைத்தவள் இல்லை. வருடா வருடம் ஏப்ரலில் பெற்றோர் கூட்டம் நடக்கும். தன் முறை வந்ததும் எழுந்து, இடுப்பு ஒடியக் குனிந்து, “எங்க சோஹெயால உங்க எல்லாருக்கும் தொந்தரவு. தயவுபண்ணி மன்னிச்சுக்குங்க” என்பாள். பையன் என்ன தொந்தரவு கொடுத்தான் என்று அவளும் யோசித்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை.

லாரி ஓட்டும் அவள் புருஷன் கஸுனாரிக்கு இதைக் கண்டாலே எரியும்.

“அவன் யார் காலை மிதிச்சுட்டான்னு நீ இப்படிக் குனியற? ஒருநாள் முதுகு அப்படியே நின்னுடப் போகுது.”

“நீங்க ஒருநாள் வந்து அந்த ரூம்ல உக்காந்து பாருங்க. தன்னால குனிவீங்க.”

ஆறாம் வகுப்பு முடிகிற மார்ச் மாதம் வந்தது. பட்டமளிப்பு என்றால் எங்கள் பள்ளிகளில் சின்ன விஷயமா? எல்லாரும் ஒன்றாக எழவும் ஒன்றாக உட்காரவும் வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். வகுப்பாசிரியர் பெயரைக் கூப்பிடுவார்; பிள்ளை நிமிர்ந்து ‘உள்ளேன்’ என்று குரல் கொடுத்துவிட்டு மேடைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். பெற்றோர்கள் கைக்குட்டையோடு காத்திருப்பது அந்த ஒரு குரலுக்குத்தான்.

முதல் ஒத்திகை முடிந்ததும் துணைத்தலைமையாசிரியர் அச்சு அறைக்கே வந்துவிட்டார். வகுப்பாசிரியர் இகராஷி சோஹெயின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

“சோஹெய் அம்மா, நாங்க ஒண்ணு யோசிச்சோம். இவன் பேரைக் கூப்பிட்டதும் வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து ‘உள்ளேன்’னு சொல்லட்டும். பாக்கறவங்க கண் கலங்கிடுவாங்க. இவனுக்கும் சிரமம் இல்ல பாருங்க.”

பழக்க தோஷம், மிஹோகோவின் தலை பாதி குனிந்துவிட்டது. அதற்குள் நாற்காலியில் தோள் ஒன்று எழும்பியது. மூவரும் பார்த்தார்கள்.

“நா… னே…” என்றான் சோஹெய். “நானே… சொல்றேன்.”

குனிந்த தலை நிமிர்ந்தது. ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“அவனே சொல்வான் சார். கொஞ்சம் காத்திருந்தா போதும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

துணைத்தலைமையாசிரியர் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். எங்கள் ஊரில் அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம். இகராஷி குறுக்கே புகுந்தார். “கூப்பிடறவன் நான்தானே சார். இவன் சொல்ற வரைக்கும் அடுத்த பேரைக் கூப்பிட மாட்டேன்.”

அன்றிலிருந்து வீட்டில் தினமும் குளியல் தொட்டியில்தான் பயிற்சி. வெந்நீரில் உடம்பு தளர்ந்தால் வார்த்தை சுலபமாக வரும். கதவுக்கு வெளியே கஸுனாரி பியர் டப்பாவை மைக்காகப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பெயரையும் சேர்த்து, “தொகாஷி சோஹெய்!” என்று முழங்குவான். சோஹெய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

“சிரிக்காதடா, சிரிச்சா இன்னும் லேட்டாகும்!”

“அப்பா… தான்… கோமாளி.”

பட்டமளிப்பு அன்று உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாகத் திரை கட்டியிருந்தார்கள். மிஹோகோ கறுப்பு உடுப்பில் பூ குத்தி, கூடத்துக்குள் போட வீட்டிலிருந்து கொண்டு போன செருப்பு மாட்டி, கஸுனாரியோடு பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவையாக அவளும் மற்ற அம்மாக்களில் ஒருத்தி. பெயர்கள் மணியடித்தாற்போல் வந்தன, பதில்கள் பட்டென்று வந்தன.

“தொகாஷி சோஹெய்.”

கூடம் அமைதியானது. மேடைக்குக் கீழே சோஹெயின் தோள் எழும்பியது. இகராஷி மைக் முன்னால் அசையாமல் நின்றார்.

யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பின் வரிசையில் ஒரு குழந்தை சிணுங்க, அதன் அம்மா அதட்டி அடக்கினாள். விருந்தினர் வரிசையில் ஒருவர் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை பேரும் தன் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்களே என்று மிஹோகோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தொந்தரவு, தொந்தரவு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“உள்ளேன்!”

அது அவள் குரல். எழுந்து நின்றுவிட்டிருந்தாள்.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. கைதட்டல் எழுந்தது, கைக்குட்டைகள் வெளியே வந்தன. அந்தக் கைதட்டலுக்கு நடுவில், வாய் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, சோஹெய் தன் ‘உள்ளேன்’ சொன்னான். அது இகராஷிக்குக் கேட்டது. அவர் தலை தாழ்ந்தது. மிஹோகோவுக்கும் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

வாசலில் ஒவ்வொரு அம்மாவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எவ்வளவு நல்ல அம்மா!” துணைத்தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். “எங்க யோசனையைவிட இது உருக்கமா இருந்தது.” அவள் எல்லாருக்கும் குனிந்தாள். கஸுனாரி அவளுக்காகக் காத்திராமல் லாரிக்குக் கிளம்பிவிட்டான்.

காரில் சோஹெயை உட்காரவைத்துப் பெல்ட் போட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். பள்ளி வாசலருகே போனபோது அவன் தோள் எழும்பியது. வண்டியை நிறுத்தினாள்.

“இகராஷி சார்… காத்திருந்தார்… ம்மா.”

‘மன்னிச்சுக்குங்க’ என்பது அவள் ஊர் முழுக்க வாரி இறைத்த வார்த்தைதான். இவன் ஒருவனுக்குத்தான் அதை இதுவரை சொன்னதில்லை. வாயைத் திறந்தாள், வரவில்லை. அவன் முகத்தைத் திருப்பி, அம்மா சொல்வதற்காகக் காத்திருந்தான். அவனுக்குக் காத்திருக்கத் தெரியும்.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஹாரன்கூட அடிக்கவில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்ததும் மிஹோகோ பதறிப்போய், திரும்பி அந்தக் காருக்குத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வண்டியை எடுத்தாள்.