சிவானந்தன் சேரின் கையெழுத்து

கொட்டாஞ்சேனையில் ஏறினால் வெள்ளவத்தையில் இறங்கும்வரை நின்றுகொண்டே வரவேண்டிய பஸ்ஸில் சுரேகா எட்டு வருடம் வந்தாள். பிந்தினால் பாமசி திறக்காது, சாவி அவளிடம்தான். சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய மருந்தாளர் சான்றிதழ் மட்டும் சிவானந்தன் சேருடையது. கடையும் அவருடையது. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்தச் சான்றிதழுக்குரியவர் கவுண்டருக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்பது சட்டம். சேர் பதினொரு மணிக்கு வருவார், பத்திரிகை பார்ப்பார், சாப்பாட்டுக்குப் போனால் போனதுதான்.

உயர்தரம் முடித்த கையோடு வேலை கேட்டு வந்தவளிடம் அவர் அன்று சொன்னது இதுதான்.

"ரெண்டு வருஷம் நில்லும் பிள்ளை. பிறகு பயிற்சிக் கடிதத்தில நான் கையெழுத்து வைச்சு உம்மைச் சோதினைக்கு விடுறன். பாஸ் பண்ணினா நீரும் பாமசிஸ்ட்தான்."

நல்ல மனிதர் என்று அம்மா மாக்ரெட் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். அந்த மெழுகுதிரியை வீட்டிலேயே வைத்திருந்தால் கரண்ட் போன நேரத்துக்காவது உதவியிருக்கும்.

டொக்டர்மாரின் கிறுக்கலை வாசிக்க ஆறு மாதத்தில் பழகிவிட்டாள். எந்த டொக்டர் தலைகீழாக எழுதுவார், எவருடைய ஒன்று ஏழு மாதிரி இருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருந்துத் துண்டில் அளவு பிழையென்று பட்டால் டொக்டருக்கே போன் எடுத்துக் கேட்பாள். நித்திரைக் குளிசை போன்ற மருந்துகளைக் கொடுக்கும்போது பதிவுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் மருந்தாளர் சுருக்கமாகக் கையெழுத்து வைக்கவேண்டும். சேர் கடையில் இருந்தால்தானே வைப்பதற்கு?

"என்ர கையெழுத்தை நீரே போட்டுவிடும். ஆர் பாக்கப் போகினம்" என்றார்.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகினாள். கடைசியில் ஒரு சுழி, அதன் கீழே ஒரு கோடு. நாளடைவில் அந்தச் சுழி சேர் போடுவதைவிட வடிவாகவே வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறையவேண்டும் போலிருக்கிறது.

வேறு வழி வராமல் இல்லை. கூடப் படித்த றலியா டோஹாவுக்குப் போய், அங்கே ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சேர்ந்துகொண்டு இவளையும் கூப்பிட்டாள். ஒருகொடவத்தையில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் ஆள் கேட்டார்கள். மருந்துக் கம்பனிக்கு விற்பனை ரெப்பாகப் போகவும் ஒரு வாய்ப்பு வந்தது. எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கடிதம், இத்தனை வருடம் மருந்து கொடுத்தவள் என்ற கடிதம். கேட்கும்போதெல்லாம் சேர், "சோதினை எழுதாமல் எங்க ஓடப் போறீர்? அடுத்த முறை கட்டாயம் விடுறன்" என்பார். அடுத்த முறை, அடுத்த முறை என்று எட்டு வருடம் போய்விட்டது.

இந்த முறை விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை ஸ்டேப்ளர் ஊசி தேடி மேசை லாச்சியைத் திறந்தவளின் கையில் பயிற்சிக் கடிதம் ஒன்று அகப்பட்டது. சேரே கையெழுத்து வைத்திருந்தார். பெயர் யதுஷா. சேரின் தங்கை மகள். கடைக்கு வந்து பத்து மாதம், அதிலும் பாதி நாள் போனில். கடிதத்தில் இரண்டு வருடப் பயிற்சி என்று இருந்தது. கீழே சுரேகாவுக்கும் ஒரு கடிதம் இருந்தது. விற்பனை உதவியாளர், நல்ல நடத்தை.

சுரேகா இரண்டு கடிதங்களையும் கொண்டுபோய்ச் சேரின் பத்திரிகைக்கு மேலே வைத்தாள்.

"சேர், நான் இங்க என்ன வித்துக்கொண்டா இருந்தன்?"

சேருக்கு முகம் கறுத்தது. பிறகு குரலைத் தணித்து, "ஒரு முறைக்கு என்ர கடிதத்தில ஒராளைத்தான் விடலாம் பிள்ளை. தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுறது? அதோட, நீர் மருந்து குடுத்தனீர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? புத்தகத்தை எடும். எங்கயாவது உம்மட பேர் இருக்கோ, காட்டும் பாப்பம்" என்றார்.

இல்லை. எட்டு வருடப் புத்தகத்தில் ஒரு வரியில்கூட அவள் இல்லை. தன்னைத் தன் கையாலேயே வரிவரியாக அழித்திருக்கிறாள். வாயைத் திறந்தால், கள்ளக் கையெழுத்து வைத்தவள் அவள். சேருக்கு அது நன்றாகத் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, வழக்கமாக மருந்து வாங்கும் ரஜனி அன்ரி தன் தாயின் மருந்துத் துண்டோடு வந்தார். முப்பது வருடம் வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். சுரேகா துண்டை வாங்கிச் சேரிடம் நீட்டினாள். சேர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், யதுஷாவிடம் கொடுத்தார். யதுஷா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

சுரேகாவால் பொறுக்க முடியவில்லை. பிழைத்தால் விழுங்கப் போவது அந்த வயதான மனுசி. துண்டைத் திரும்ப வாங்கினாள்.

"அரைக் குளிசை அன்ரி. இரவைக்கு மட்டும், சாப்பிட்ட பிறகு" என்று எண்ணிக் கொடுத்தாள். புத்தகத்தில் எழுதினாள். பேனையைச் சேருக்கு முன்னால் வைத்தாள்.

"கையெழுத்த நீங்களே வையுங்க சேர்."

சேர் வைத்தார். ரஜனி அன்ரிக்குப் பழக்க தோஷம், எட்டிப் பார்த்தார்.

"சிவானந்தன், மேல உள்ளதெல்லாம் ஒரே கை. இந்தக் கடைசிக் கையெழுத்து மட்டும் கள்ளக் கையெழுத்து மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

சேர் பக்கத்தைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். அடுத்த கிழமை அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் பரிசோதகர் வரவேண்டும், அவர் முதலில் எடுப்பது இந்தப் புத்தகத்தைத்தான். அதற்குள் சுரேகா சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் போட்டு, சாவியை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். கடிதம் கிடைக்காது, வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"பிள்ளை," சேரின் குரல் சுருங்கிப் போயிருந்தது. "இந்தச் சுழியை நீர் எப்பிடிப் போடுறனீர்? ஒருக்காக் காட்டிப்போட்டுப் போம்."

சுரேகா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் நில்லுங்க சேர். பழகிரும்."