சுத்திக்கினு போன விமானம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் முதலாளிக்கு நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் இருந்தது. அதை மீனம்பாக்கத்தில் நிறுத்தியிருந்தார். அது எந்த வழியாக, எந்த உயரத்தில் போக வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. நான் மலையைப் பக்கத்தில் பார்த்ததே முப்பது வயதுக்கு மேல்தான். அதுவரை எனக்கு உயரம் என்றால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. அதனால்தானோ என்னவோ, மலை என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம். இந்த வேலைக்கு அந்தப் பயம்தான் முதல் தகுதி என்று இன்றும் சொல்வேன்.

விமானத்தை ஓட்டியவன் எங்கள் ஊர்க்காரன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். சோழவரம் பக்கத்தில் ஏரிப் பாசன நெல் வயல் முழுக்க அவர்கள் வீட்டுடையது. அந்த வயலில் நாற்று நட்டவர்கள் எங்கள் வீட்டார். ஆபீசில் நான் அவனை ‘சார்’ என்பேன். அவன் என்னை ‘நீ’ என்பான். யாரும் சொல்லித் தரவில்லை, இருவருக்கும் அப்படித்தான் வந்தது.

முதலாளி மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கோழிக்கோட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து நேர்க்கோடு இழுத்தால் அது நீலகிரியின் தலைமேல் ஏறும். மேல்காற்று தொடங்கிவிட்ட நாட்கள் அவை. மேற்கிலிருந்து வரும் காற்று மலையில் ஏறி, கிழக்குப் பக்கம் அருவி மாதிரி விழும். கிழக்கிலிருந்து போகும் சின்ன விமானம் அந்த அருவிக்கு நேர் கீழே போய் நிற்கும். எஞ்சின் முக்கினாலும் ஏறாது. திரும்பலாம் என்றால் பள்ளத்தாக்கில் இடம் இருக்காது. எனவே கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய், பொன்னானியில் கடல், அங்கிருந்து கரையோரமாக வடக்கே என்று கோடு போட்டேன். இருபது நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

முதலாளி முன்னால் அந்தக் கோட்டைப் பார்த்து அவன் சிரித்தான்.

“சுத்திக்கினு போறதுதான உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்.”

முதலாளியும் சிரித்தார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் தூரம்தான். ஆனாலும் எங்கள் பிணம் அந்தத் தெருவில் போகக்கூடாது என்பதால் என் அப்பாவின் பாடையை ஏரிக்கரை மேல் ஏற்றி, வரப்பில் இறக்கி, முழங்கால் சேற்றில் சுற்றிக்கொண்டுதான் சுடுகாட்டுக்குப் போனோம். அந்த வரப்பு அவர்கள் வீட்டு வரப்பு. அன்று அவன் பள்ளிக்கூடச் சட்டையோடு மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தான். அதை நினைத்துத்தான் சொன்னான் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நேர்வழிக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் வேலை நிலைக்கும். ஆனால் உள்ளே உட்காரப் போவது மூன்று பேர், ஓட்டுகிறவனோடு நாலு. அந்த நாலு உயிருக்குக் கீழே என் பெயரை எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். வேறொருவர் போட்டார். மறுநாளே என்னை ஆலை வாசலில் எடைமேடைக்கு மாற்றினார்கள். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகளின் நம்பரை எழுதும் வேலை.

விமானம் பத்திரமாகப் போய் வந்தது. முதலாளி ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பக்கமும் மலை. நம்ம பைலட்டு ஒரே தாவுல தாண்டிட்டான். கோடு போட்டவன்தான் பயந்து செத்தான்.”

ஜன்னலில் தெரிந்தது எந்த மலை என்று அவருக்கு என்ன தெரியும். எனக்குத்தான் உறைத்தது. நேராகப் போயிருந்தால் மலை காலுக்குக் கீழே அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அந்த வாரம் என் மேஜையைக் காலி செய்யப் போனேன். பயணத்திலிருந்து திரும்பி வந்த காகிதங்கள் அதன் மேல்தான் கிடந்தன. மேலே இருந்த பயணக் குறிப்பில் ‘நேர்வழி’ என்று அவன் கையெழுத்து. அடியில் நாலாக மடித்த என் வரைபடம். நான் வட்டம் போட்டிருந்த ஒவ்வோர் ஊரின் பக்கத்திலும் ஒரு டிக், கடந்த நேரம். கோயம்புத்தூர். பாலக்காடு. பொன்னானி, எட்டு நாற்பது. எல்லாம் அதே கையெழுத்து.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவன் கார் எடைமேடையைத் தாண்டும்போது கை காட்டி நிறுத்தினேன்.

“எட்டு நாப்பதுக்குப் பொன்னானில இன்னா பண்ணிக்கினு இருந்த?”

வாழ்க்கையில் முதல் தடவை அவனை ‘நீ’ என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“மொதலாளி காதுல போட்டுடாதண்ணா.”

அண்ணா. என் நாற்பத்தைந்து வருடத்தில் அவர்கள் வீட்டு வாயிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் வாங்கிய முதல் அண்ணா, அவன் பொய்யை மூடி வைப்பதற்குக் கூலியாக வந்தது. அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை. சொன்னால் என்னை யார் நம்புவார்கள் என்று எனக்கே தெரியும். நாலு பேரும் உயிரோடு இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், அதைச் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

அவன் இன்னும் ஓட்டுகிறான். மலையைத் தாண்டியவன் என்று பெயர். நான் லாரி நம்பர் எழுதுகிறேன். என் அப்பா செத்த பிறகும் அவர்களுக்காகச் சுற்றிப் போனார். அவன் உயிர் பிழைப்பதற்காக என் கோட்டில் சுற்றிப் போனான், ஊராரிடம் நேராகப் போனதாகச் சொல்லிக்கொண்டான்.