நாச்சிமுத்துவின் முகமும் குரலும்

பத்திரிகை அலுவலகத்தில் செய்திக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நாச்சிமுத்து அண்ணனின் மகள் தேவகி போனில் அழைத்தார். "அப்பா போயிட்டாருங்க, சித்தப்பா." "பேப்பர்ல டப்பிங் கலைஞர்னு போட்டுராதீங்க. நடிகர்னு போடுங்க." அப்படியே எழுதிக் கொடுத்தேன். சின்னச் செய்திதான். அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாச்சிமுத்து அண்ணனை அறிந்த நீங்கள் எல்லோரும், அவர் ஏன் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டே நாடகத்துக்கு வந்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை; மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். முதல் சினிமாவில் பண்ணையக்காரர் வேடம். சொந்தபந்தத்தை எல்லாம் வேன் பிடித்துக் கோவைக்கு அழைத்து வந்தார். நானும் போயிருந்தேன். திரையில் அவர் வாயைத் திறந்தார். வேறொருவர் குரல் வந்தது. கொங்குப் பேச்சு தூக்கலாக இருக்கிறதென்று சென்னையில் மாற்றிவிட்டிருந்தார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. இருட்டில் அவருடைய அம்மா சத்தமாகக் கேட்டார்: "ஏன் சாமி, அன்னைக்கு உனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சா?" தியேட்டரே சிரித்தது, அண்ணனும்தான். இடைவேளையில் ஆளைக் காணோம். வெளியே வேனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

பிறகு அதே குரலுக்கு வேலை வந்தது, அடுத்தவர் முகங்களுக்காக. மதுரைக்காரராகவும் சென்னைக்காரராகவும் பேசினார். அவரைப் பற்றி எழுத நான் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போன நாளில், அண்ணன் குரல் கொடுக்க வேண்டியவர் படத்தில் மூட்டை சுமந்து மேடேறிக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, சும்மாதானே நிக்கறீங்க, முதுகுல ஏறுங்க" என்றார் அண்ணன்.

"நானென்ன மூட்டைங்களா, அண்ணா?"

"மூட்டை இவ்வளவு பேசாதுங்க. ஏறுங்க."

ஏறினேன். கால் நடுங்க வசனம் பேசினார். ஒலிப்பதிவாளர் போதும் என்று சொல்லியும் இன்னொருமுறை கேட்டு வாங்கிப் பேசினார். "சுமக்காதவனுக்கு அந்த மூச்சு வராதுங்க" என்பார்.

போன வருடம் ஓர் இளம் இயக்குநர் வால்பாறையில் எடுக்கும் படத்துக்கு அழைத்தார். மகளை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பும் எஸ்டேட் தொழிலாளி வேடம். டப்பிங் கிடையாது; நின்ற இடத்தில் பேசுவதுதான் திரையில் வரும். அதே சமயத்தில்தான் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், உடனே எடுத்தால் பிழைக்கலாம் என்றார் மருத்துவர். படத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

தேவகி என்னைத் தூது அனுப்பினார். "செத்துப்போவீங்கண்ணா" என்றேன், வேறு வார்த்தை கிடைக்காமல்.

"அதுக்குத்தான் ஷூட்டிங்குக்கு வெரசாப் போறனுங்க." சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "என்ர மூஞ்சியும் என்ர பேச்சும் ஒண்ணா இருக்கற படம் ஒண்ணாச்சும் வேணுமுங்க. அப்பறம் கத்தியோ கோடாலியோ, வெச்சுக்கட்டும்."

உள்ளே இருந்து தேவகி கேட்டார்: "எங்ககூடப் பேசுனதெல்லாம் கணக்குல வராதுங்களா, அப்பா?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

படப்பிடிப்பைப் பார்க்க வால்பாறைக்கு ஒருமுறை போனேன். மழையில் வேலை நின்றிருந்தது. குரலைச் சேமிக்க யாரிடமும் பேசாதிருந்தவர், தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் கேமராவுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். என்னைக் கண்டதும் வானத்தைக் காட்டி, எப்போது நிற்கும் என்று கையால் கேட்டார். அந்த மழைமேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

படம் முடிந்துதான் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குள் நோய் கழுத்தைத் தாண்டியிருந்தது. கடைசி மாதங்களில் கைதட்டித்தான் மகளைக் கூப்பிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் இயக்குநர் ஒரு காட்சியைத் தேவகியின் போனுக்கு அனுப்பினார். தனியாகப் பார்க்க முடியவில்லை என்று தேவகி என்னைக் கூப்பிட்டார். மலைப்பாதையில் பேருந்து கிளம்புகிறது. அண்ணன் சன்னலோடு கூடவே ஓடுகிறார். "போயிட்டு வா கண்ணு. எறங்குனதும் போன் பண்ணு. மறந்துபோட்டீன்னா நான் தூங்க மாட்டேன்." அவருடைய முகம், அவருடைய குரல்.

தேவகி போனைக் கவிழ்த்து வைத்தார். "காலேஜுக்கு என்னைய பஸ் ஏத்தி உடறப்ப இதேதானுங்க சொல்லுவாரு. நான் ஒருத்தி காதுல கேட்டது அவருக்குப் பத்தல பாருங்க."

"நல்லா நடிச்சிருக்காரு, அம்மணி" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது. அதான் கோவமே."

படம் வரும்போது நீங்கள் கைதட்டுவீர்கள், தட்டத்தான் வேண்டும். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காட்சியை. அதோடு தேவகியின் கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.