பூரணையன்று ஆறு ஏறிய பப்

என் சின்னம்மாவின் கலியாணம் தேம்ஸ் கரையிலிருந்த ஒரு பழைய பப்பின் மாடியில் நடந்தது. அப்பா உறவுக்காரரிடம் அதை "ஆற்றங்கரை மண்டபம்" என்றே சொல்லி வைத்திருந்தார். ஒரு காலத்தில் படகுக்காரர்கள் நிரம்பி வழிந்த இடமாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடிக்க ஆள் குறைந்துபோய், மாடியை மலிவாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். பியர் வாசம் தெரியாமலிருக்க அம்மா விடியவே போய்ச் சாம்பிராணி போட்டாள். இரண்டும் கலந்த அந்த வாசம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆவணிப் பூரணை. மூன்றரைக்கு முகூர்த்தம், நான்குடன் முடிகிறது. பஞ்சாங்கம் முழுதும் புரட்டிய அப்பா, பூரணைக்குக் கடல் பொங்கி ஆறு கரையேறும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. பப் முதலாளியிடம் அதற்கும் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. பாருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. இரண்டரைக்கெல்லாம் தண்ணீர் சத்தமில்லாமல் வீதியில் ஏறி வாசற்படியைத் தொட்டது. மாப்பிள்ளை வீட்டாரின் கார்கள் வீதியின் மறுமுனையிலேயே நின்றுவிட்டன.

"நாலு தாண்டினா தாலி கட்டேலாது. இனி நாள் தையிலைதான்," என்றார் ஐயர். அப்பாவின் சேர்ட் வியர்வையில் நனைந்திருந்தது.

ஏழு வயதுக்காரியான எனக்கோ எல்லாம் கனவு போலிருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் அன்னங்கள் நீந்தின. தண்ணீரின் வெளிச்சம் மாடிக் கூரையில் நெளிந்தது. பக்க அறையில் சின்னம்மா கூறைச் சேலையோடு தனியே இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம்தான். மாப்பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தாள்.

"தண்ணி எந்தப் படியிலை நிக்குது எண்டு பாத்துக்கொண்டு வா, குஞ்சு," என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்து வந்து, "ரெண்டாம் படி!" என்றேன். இழுத்து முத்தமிட்டாள். "மூண்டாம் படி!" என்றபோது இன்னொரு முத்தம்.

"இன்னும் ஏறுமே?"

"ஓம், ஏறும்," என்றேன், ஆறு என் சொல் கேட்பதுபோல.

மூன்றேமுக்காலுக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, பப் முதலாளியின் கையைப் பிடித்தபடி மாப்பிள்ளை நீரில் நடந்து வந்தார். முதல் ஆளாகச் சொல்லவேண்டுமென்று நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"சின்னம்மா, தண்ணி வடியுது! மாப்பிள்ளை வாறார்!"

"வடிஞ்சிட்டுதோ?" என்று மட்டும் கேட்டாள்.

நான்குக்குச் சற்று முன் தாலி ஏறியது. எல்லாம் முருகன் செயல் என்றார்கள். அந்தப் பப்பைப் பின்னர் பலகையடித்து மூடினார்கள். இன்று அது சாதாரணமானவர்கள் வாங்கமுடியாத வீடுகளாகிவிட்டது. அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் ஏறிய சேதிக்கெல்லாம் முத்தம் தந்தவள் இத்தனை நல்ல சேதிக்கு ஒன்றுகூடத் தரவில்லையே என்று, அன்று முழுதும் சின்னம்மாவோடு கோபித்துக்கொண்டிருந்தேன்.